பதினாலு முகமும் ஒரு முதுகும்

எங்க கடையில யாரு முகமும் விட்டுப்போகாது. அதுல நான் கெட்டி. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில இருவது வருசமா டிசைன் பண்ணுதேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கையில தான் வரும். ஒரு காதுகுத்துன்னா தாய்மாமன் நாலு பேரு, பெரியப்பா, சித்தப்பா, துபாயில இருக்க மச்சான், அவரு பிள்ளைங்க, எல்லாரும் அதுல நிக்கணும். ஒரு தடவ கடையம் ஊருப் பக்கம் ஒரு வீட்டுக்கு அடிச்சதுல மூத்த தாய்மாமன் முகம் எளையவரு முகத்த விட ஒரு விரக்கடை சின்னதாப் போச்சு. மனுசன் பேனரை அவுத்துச் சுருட்டி, பஸ்ஸுல கொண்டுவந்து, என் மேசை மேல விரிச்சு, அளந்து பாருன்னாரு. அளந்தேன். அவரு சொன்னது சரி தான். அன்னையிலருந்து ஸ்கேல் வச்சுத் தான் முகம் வைக்கேன்.

இன்னொண்ணு, அந்த வெள்ளக் கோடு. முகத்த வெட்டி ஒட்டுனா ஓரத்துல பிசிறு தெரியும். அதை மறைக்க முகத்தச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு இழுப்போம். செருப்புக்குத் தையல் போட்ட மாதிரி தடிமனா இழுக்கவனும் இருக்கான். நான் மெலிசா இழுப்பேன், வெளிப்பக்கம் லேசா மங்கிப் போகும். தொழில்ல இருக்கவன் அந்தக் கோட்டப் பாத்தா இது யாரு கைன்னு சொல்லிருவான். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு.

இதையெல்லாம் மொதல்லயே ஏன் சொல்லுதேன்னா, ஒரு பொறாமக்காரன் செஞ்ச காரியத்தச் சொல்லப் போறேன், அது நான் தான். தொழில் தெரியாதவன் பொறாமப்பட்டான்னு நீங்க நெனச்சிரக் கூடாது. தொழில் நல்லாத் தெரிஞ்சவன் பட்ட பொறாம இது.

எனக்கு ஒரு சிநேகிதன். ஆறாங்கிளாஸ்லருந்து ஒரே பெஞ்சு. அவன் படிச்சு பெங்களூருல கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான், நான் படிக்காம இங்கனயே மவுசப் பிடிச்சேன். வீட்டுலருந்தே வேல பாக்கலாம்னு கம்பெனி சொன்னதும் அவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊருக்கே வந்துட்டான். வந்த பொறவு, சாரல் விழ ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழம காலையில நாங்க ரெண்டு பேரும் குத்தாலம் தான். போற வழியில இலஞ்சிப் பக்கம் அவங்க தென்னந்தோப்பு. அங்கன பம்புசெட்டுக்கிட்ட உக்காந்து அவன் முதுகுக்கு நான் எண்ணெய் தேய்ப்பேன், என் முதுகுக்கு அவன் தேய்ப்பான். அவனவன் முதுகு அவனவனுக்கு எட்டாதுல்லா. ஊறி, பம்புசெட்டுல கழுவிட்டு, பொறவு தான் அருவி.

எண்ணெய் தேச்சுக்கிட்டு அருவிக்குள்ள வரக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காவ. அந்தப் போர்டுக்கிட்டயே நின்னு தேய்க்கவனும் இருக்கான். அப்படித் தேச்ச ஒரு தடிச்ச மனுசன் ஒருநா ஐந்தருவிப் பாறையில காலு வச்சாரு. வச்ச காலு நிக்கல. நின்ன வாக்குலயே சர்ருன்னு வழுக்கிக்கிட்டுப் போறாரு. ரெண்டு கையும் விரிஞ்சிருக்கு, தோள்ல கெடந்த துண்டு பறக்கு. நேரா வந்து என் சிநேகிதன் மேல முட்டி நின்னாரு. நின்ன எடம் சொல்லி வச்ச மாதிரி தண்ணி விழுத எடம். நன்றி தம்பின்னுட்டு மனுசன் அங்கனயே குளிக்க ஆரம்பிச்சிட்டாரு.

அன்னைக்கு என் சிநேகிதன் சரியாக் குளிக்கவே இல்ல. வீடு வந்து சேருத வரைக்கும் அதே பேச்சு. எண்ணெய் தேச்சவன் எதுலயாவது முட்டுத வரைக்கும் நிக்க மாட்டான், தேய்க்காதவன் ஒரு எட்டுத் தான் வைப்பான், அப்பம் யார யாரு மேல முட்ட விட்டா எல்லாரும் தண்ணிக்குள்ள போய்ச் சேருவாங்கன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. "லே, இது ஒரு வெளாட்டுலே"ன்னான். கம்ப்யூட்டர்ல வெளாடுத புதிர். அவன் புதிரப் போடுவான், நான் படம் போடணும்.

ரெண்டு வருசம், ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழமயா உக்காந்து செஞ்சோம். நாங்க ரெண்டே பேரு. அருவியில குளிக்க வாரவங்களா பதினாலு பேர நான் வரைஞ்சேன். மொட்டத் தலையில எண்ணெய் வழியுத மதுரைக்காரரு, பிளாஸ்டிக் கவர்ல செல்போனச் சுத்தி வாயில கடிச்சிருக்கவன், கழுத்துல தங்கச் சங்கிலிய ஒரு கையால பிடிச்சுக்கிட்டே குளிக்கவரு, விசில் ஊதுத போலீசு. ஒவ்வொருத்தரும் விரக்கடை உயரம் தான், ஆனா மூக்கு முழி எல்லாம் பாத்துப் பாத்து வச்சேன். வெளாட்டுக்கு 'தள்ளி நில்லு'ன்னு பேரு. அருவியில போலீஸ் நாள் பூராச் சொல்லுத வார்த்த அது தானே.

இந்த மாதிரி வெளாட்டெல்லாம் விக்குததுக்கு இன்டர்நெட்ல பெரிய கடை இருக்கு. உலகத்துல உள்ளவன் பூராம் அங்கன தான் வாங்குவான். அதுல நம்ம வெளாட்டுக்கு முகப்புப் படம் ஒண்ணு வைக்கணும். சோப்பு டப்பாவுக்கு மேல ஒட்டுத படம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அதைப் பாத்துத் தான் ஒருத்தன் உள்ள வருவான், இல்லன்னா தாண்டிப் போயிருவான். என் சிநேகிதன் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மூணு ஆளு ஒசரத்துக்கு பேனர் அடிக்கவன்கிட்ட வந்து படம் வேணும்னு கேக்கான் பாருன்னு.

நாலு நாளு எடுத்துக்கிட்டேன். சத்தியமாச் சொல்லுதேன், என் ஆயுசுலயே நான் செஞ்ச நல்ல டிசைன் அது தான். பின்னால பச்ச மலை, அதுல அஞ்சு அருவியும், குறுக்க ஒரு வானவில்லு. முன்னால பதினாலு முகமும், ஸ்கேல் வச்சு, ஒருத்தருக்கொருத்தரு கூடக் கொறையாம. எல்லா முகத்துக்கும் மெலிசா வெள்ளக் கோடு. கீழ ஒரு கூடை மங்குஸ்தான் பழம். நடுவுல தங்க நிறத்துல தலைப்பு. அதுக்குக் கீழ 'குளிச்சுத்தான் பாருங்களேன்'னு ஒரு வரி. வெளாட்டுப் பேரத் தவிர வேற எழுத்து கூடாதுன்னு அந்த இன்டர்நெட் கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டான். அந்த வரிய எடுத்துட்டேன். எடம் காலியாத் தெரிஞ்சுது, ஒரு குரங்க வச்சேன்.

என் சிநேகிதன் பாத்தான். நல்லாருக்குன்னான். எதச் சொன்னாலும் 'லே' போட்டுச் சொல்லுதவன், வெறும் நல்லாருக்குன்னான். நான் அப்பமே சுதாரிச்சிருக்கணும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு அது கேக்கல.

வெளாட்டு இன்னும் விக்க ஆரம்பிக்கல, வரப் போகுதுன்னு படம் மட்டும் ஏறி ரெண்டு மாசம் ஆச்சு. ஆளே வரல. வந்த ஒண்ணு ரெண்டு பேர்ல ஏதோ ஒரு தேசத்துக்காரன், இது ஒரு குடும்பத்தோட போட்டோவா, வெளாட்டு எங்க இருக்குன்னு கேட்டு எழுதியிருந்தான். எனக்கு அவன் மேல வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. குத்தாலத்தக் கண்ணால பாக்காதவனுக்கு என்னலே தெரியும்னு சொன்னேன். என் சிநேகிதன் அந்தாளு எழுதுனத இன்னொரு தடவ வாசிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு, வடகரையில ஒரு பிள்ள இருக்கு, அவன் பொண்டாட்டி கூடப் படிச்சது, நல்லா வரையும்னு ஆரம்பிச்சான். மாப்பிள துபாயில, அங்கருந்து வரையுத டேப்லட் வாங்கி அனுப்பியிருக்காரு, பிள்ளைங்க கதப் புத்தகத்துக்கெல்லாம் அட்ட வரைஞ்சு குடுக்குதுன்னான். ஒரு தடவ அதுகிட்டயும் கேட்டுப் பாப்போமான்னான்.

தாராளமாக் கேளுன்னேன். வாயி தான் சொல்லிச்சு. ரெண்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் உக்காந்து செஞ்ச பண்டத்துக்குள்ள மூணாவதா ஒரு கை வருது. அதுவும் என் வேலைக்கு. அவன் புதிருக்கு வேற ஆள நான் கேட்டேனா?

அந்தப் பிள்ள உடனே வரையல. மொதல்ல வெளாட்ட அனுப்பச் சொல்லிச்சாம். ஒரு வாரத்துல எல்லாப் புதிரையும் முடிச்சிட்டு, அதுல ஒண்ணுக்கு என் சிநேகிதனுக்கே தெரியாத இன்னொரு வழியும் இருக்குன்னு செஞ்சு காட்டிச்சாம். அவன் அதை எங்கிட்டச் சொல்லுதப்பம் முகம் பூரிச்சுப் போயிருந்தான். நான் பேச்ச மாத்தினேன். ஏன்னா, ரெண்டு வருசமாப் படம் போட்ட நான் இருவத்திரெண்டாவது புதிரத் தாண்டுனதே இல்ல. அது அவனுக்குத் தெரியாது.

பத்து நாளு கழிச்சுப் படம் வந்துச்சு. கடையில கல்யாண பேனர் வேலையா இருந்தேன், போன்ல பாத்தேன். முகமே இல்ல. ஒரு முதுகு. தடிச்ச முதுகு, எண்ணெயில பளபளன்னு மின்னுது. ரெண்டு கையும் விரிஞ்சிருக்கு, துண்டு பறக்கு. காலுக்குப் பின்னால பாறையில எண்ணெய் இழுத்த தடம். எதிர்த்தாப்புல இருட்டுக்கு நடுவுல வெள்ளையாத் தண்ணி. முதுகுக்கும் தண்ணிக்கும் நடுவுல வெறும் பாறை, ஒண்ணுமே இல்ல. மேல ரெண்டே வார்த்தையில பேரு. முடிஞ்சுது.

பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது தான் எரிச்சலே. ஐந்தருவியில அந்த மனுசன நேர்ல பாத்தவன் நான். அவ பாக்கவே இல்ல, சொல்லக் கேட்டது தான். ஆனா நான் வரைஞ்ச பதினாலு பேருக்குள்ளயும் அந்த மனுசன் இல்ல, அவ வரைஞ்ச முதுகுல இருந்தாரு.

தெரிஞ்சாலும் ஒத்துக்கிடணுமே. கண்ணீர் அஞ்சலிக்கே முகம் வைக்கோம், இது என்ன முகமில்லாத படம், புறமுதுகு காட்டுதது அபசகுனம்னு என்னென்னமோ சொன்னேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, ரெண்டையும் தபால் தலை அளவுக்குச் சுருக்கி, கடையில உள்ள மத்த வெளாட்டுப் படங்களோட கலந்து ஒட்டிப் பாப்போம்னான். அந்தக் கடையில நம்ம படத்த முக்காவாசிப் பேரு அந்த அளவுல தான் பாப்பாங்களாம். அச்சடிக்க மெஷின் எங்கிட்டத் தான இருக்கு, நானே செய்யுதேன்னேன்.

ஒரே தாளுல நாப்பது படம். என்னுதச் சரி நடுவுல வச்சேன், அவளுதக் கீழ வலது மூலையில தள்ளினேன். கல்லாவுக்குப் பக்கத்துச் செவுத்துல ஒட்டிட்டு வாரவங்ககிட்டயெல்லாம், பாத்ததும் கண்ணு எங்க போகுதுன்னு கேட்டேன். டீ கொண்டுவந்த அண்ணாச்சி மூலையக் காட்டுனாரு. கல்யாணத்துக்கு பேனர் சொல்ல வந்தவரு மூலையக் காட்டுனாரு. சடங்கு பேனருக்கு வீரகேரளம்புதூர்லருந்து வந்த ஒரு அம்மா மூலையில விரல வச்சுட்டு, "இவன் தண்ணிக்குப் போய்ச் சேருவானா, விழுந்துருவானா?"ன்னு எங்கிட்டக் கேட்டாங்க. இந்தப் படத்தையும் பாருங்கன்னு என்னுதக் காட்டினேன். கண்ண இடுக்கிப் பாத்துட்டு, இதுல எனக்கு யாரையும் தெரியலையேன்னாங்க.

அந்த ஒரு வார்த்த என்னைய ஒரு நாளு பூராம் தின்னுச்சு. இருவது வருசமா நான் அடிச்ச பேனரெல்லாம் ரோட்டுல போறவனுக்குன்னு நெனச்சிருந்தேன். அது அதுல இருக்கவனுக்கு. அவன் வந்து தன் முகத்தத் தேடுவான், கெடச்சதும் குளுந்து போவான். ரோட்டுல போறவனுக்கு அதுல ஒரு ஜோலியும் கெடையாது. தெரியாதவன் முகம் பதினாலு இருந்தா என்ன, நாப்பது இருந்தா என்ன. ஆனா ஒரு முதுகு வழுக்கிக்கிட்டுப் போனா, தெரியாதவன்னாலும் நின்னு பாப்போம். போய்ச் சேருவானான்னு தெரியுத வரைக்கும் கண்ண எடுக்க மாட்டோம். புதிர் வெளாட்டுக்கு அது போதும்.

இவ்வளவும் எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு. சாயந்தரம் சாப்பாட்டுத் தூக்கு வாங்கிட்டுப் போக வந்த என் பொண்டாட்டி வேற, நடுவுல இருந்ததப் பாத்துட்டு, ஏங்க இது யாரு வீட்டுக் காதுகுத்துன்னு கேட்டா. அப்படியும் சிநேகிதனுக்குப் போன் போட்டு, பாதிக்குப் பாதிடே, பெருசா வித்தியாசம் இல்லன்னு சொன்னேன். பொய்யி. அவன் கொஞ்சம் யோசிச்சான். உன் படம் ரெண்டு மாசம் இருந்துச்சுல்லா, இனி இதையும் வச்சுப் பாப்போம்னான். என் பொய்யி எனக்கே ஒதவல.

இன்டர்நெட் கடையில படத்த ஏத்துத பொறுப்பு என்னுது. ஒரே படத்த அந்தக் கடைக்காரன் பல அளவுல கேப்பான், அகலமா, நீளமா, தபால் தலையா. அந்தப் பிள்ள பெரிய அளவுல ஒண்ணத் தான் அனுப்பியிருந்தா, வெட்டிச் சுருக்கி ஏத்த வேண்டியது நான். பெரிய அளவெல்லாம் உள்ளது உள்ளபடி ஏத்தினேன். கடைசியில அந்தத் தபால் தலை. முதுகுக்கும் தண்ணிக்கும் நடுவுல இருந்த அந்த வெறும் பாறையப் பாத்தேன். அது தான் படத்தோட உசுருன்னு எனக்குத் தெரியும். அதுல என் படத்துல இருந்த ஆறு முகத்த எடுத்து வரிசையா வச்சேன். எடம் பத்தல, முதுகக் கொஞ்சம் ஓரத்துல நெருக்கினேன். சும்மா காலியாக் கெடக்கேன்னு தான் வச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏத்திட்டு, கையக் கழுவிட்டு, பரோட்டா தின்னப் போனேன். நல்லாவே தின்னேன், அதையும் சொல்லிருதேன்.

அடுத்த வாரம் அந்த இன்டர்நெட் கடையில, புதுசா வரப் போற வெளாட்டையெல்லாம் சேத்து முன்னால வச்சுக் காட்டுவாங்க, கொஞ்சம் வெளாடிப் பாக்கவும் விடுவாங்க. அந்த ஒரு வாரத்துக்காக என் சிநேகிதன் ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டிருந்தான். ஆபீசுக்கு லீவு கூடப் போட்டுட்டான். அந்த வாரத்துல நாலு பேரு கண்ணுல பட்டா உண்டு, இல்லன்னா வெளாட்டு அப்படியே அமுங்கிப் போகும். அதுக்கு ரெண்டு நாளு முன்னால மத்தியானம் அவன் எங்க கடைக்கு வந்தான். போனை என் மேசை மேல வச்சு, அந்தத் தபால் தலைய எடுத்துக் காட்டினான். நான் பாத்தேன். அவன் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டான்.

ஏசினான். அவன் யாரையும் ஏசி நான் அதுவரை பாத்ததில்ல. இப்படி மூஞ்சி மூஞ்சியா ஒட்டி வச்சிருக்கியேம்மா, அந்த வெறும் எடம் தான படமே, எத்தன நாளாச் செஞ்சோம், கடைசி நேரத்துல இப்படிக் கெடுத்துட்டியேன்னு சொன்னான். சொல்லிட்டு நிறுத்தினான். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கடையில பிரிண்டர் மட்டும் ஓடுது. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி நான் உக்காந்திருந்தேன். ரெண்டு மூச்சு விடுத நேரம் தான். அதுக்குள்ள ஒரு வார்த்த, நான் தாம்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாயில வந்துச்சு. முழுங்கினேன்.

"சரிண்ணே, நான் தான் கவனிக்காம விட்டுட்டேன் போல. எல்லா அளவுலயும் நானே செஞ்சு அனுப்புதேன்"னா அவ.

அந்தக் குரல்ல கோவம் இல்ல. அன்னைக்கு சாயந்தரம் பள்ளிவாசல்ல அசர் பாங்கு சொல்லுததுக்கு முன்னால படமெல்லாம் எனக்கே நேரா வந்துருச்சு. கூட, அண்ணே சரியா வந்துச்சான்னு பாத்துக்கோங்கன்னு மட்டும் எழுதியிருந்தா. தபால் தலையில முதுக இன்னும் பெருசாக்கி, துண்டச் செவப்பாக்கி, தண்ணியக் கீத்தா ஒதுக்கி வச்சிருந்தா. நடுவுல அந்த வெறும் பாறை அப்படியே இருந்துச்சு. சுருக்கச் சுருக்க என்னத்தையெல்லாம் விடணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு இருவது வருசத்துல ஒருத்தரும் அதைச் சொல்லித் தரல, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஏத்தினேன். படம் நல்லாருக்குன்னும் எரிஞ்சுது, என் பழியத் தன் மேல ஏத்துக்கிட்டாளேன்னும் எரிஞ்சுது. கெட்டவளா இருந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

அந்த வாரம் ஆளு வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. எங்கெங்க இருந்தோ எழுதுனாங்க. அந்த மனுசன் போய்ச் சேருவாரான்னு பாக்கத் தான் உள்ள வந்தோம்னு பல பேரு அதையே சொல்லியிருந்தாங்க. உள்ள இருக்க பதினாலு பேரும் அழகா இருக்காங்கன்னு கூட ரெண்டு மூணு பேரு எழுதியிருந்தாங்க. என் சிநேகிதன் ஒவ்வொண்ணையும் போன்ல வாசிச்சுக் காட்டுவான். என்னைய ஒண்ணும் கேக்கல. எனக்குச் சோறு எறங்கல. ராத்திரி பொரண்டு பொரண்டு படுத்தேன்னெல்லாம் சொல்ல மாட்டேன், தூங்கினேன். ஆனா முழிச்சதும் மொத நெனப்பு அந்த ரெண்டு மூச்சு நேரம் தான்.

ஞாயித்துக்கிழம வந்துச்சு. சாரல் நல்லா விழுந்துச்சு. இலஞ்சித் தோப்புல பம்புசெட்டுக்கிட்ட அவன் எப்பயும் போல எனக்கு முதுகக் காட்டி உக்காந்தான். கிண்ணத்துல இருந்து எண்ணெய எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சேன். அவனும் தடிச்சுத் தான் போயிட்டான். எண்ணெய் ஏற ஏற அந்த முதுகு மின்னுச்சு. முகமா இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன். முதுகுகிட்டச் சொல்லுதது லேசா இருந்துச்சு.

"லே, அந்த மூஞ்சியெல்லாம் வச்சது நான் தாம்லே"ன்னேன்.

அவன் திரும்பல. "தெரியும்"னான்.

என் கை நின்னுச்சு. தேய்யின்னான். தேச்சேன். தேய்க்கத் தேய்க்க அவன் சொன்னான். மூஞ்சியச் சுத்தி வெள்ளக் கோடு இருந்துச்சாம், உன் கோடு எனக்குத் தெரியாதான்னு கேட்டான். வெட்டிச் சுருக்கினேனே தவிர, அந்தக் கோட்ட அழிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. எத்தன வருசத்துத் திமிரு அது. கடைக்கு வாரதுக்கு முன்னாலயே அவன் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுட்டானாம். அவ அதை அவனுக்கு முந்தியே பாத்துட்டு, சொல்லாம இருந்திருக்கா.

"என்னைய ஸ்பீக்கர்ல போட்டு ஏசுங்கண்ணே, அவங்களே சொல்லிருவாங்கன்னு அந்தப் பிள்ள தான் சொல்லிச்சு. நீ சொல்ல மாட்டேன்னு நான் சொன்னேன்."

பம்புசெட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆறாங்கிளாஸ்லருந்து கூட இருக்கவன் என்னைய அளந்து வச்சிருந்தான், அளவு ஒரு நூலு கூடத் தப்பல. என் மூஞ்சியவே பாக்காத ஒருத்தி, நான் நல்லவனாத் தான் இருப்பேன்னு சொல்லி, அதுக்காக ஏச்சும் வாங்கியிருக்கா. நான் அந்தக் கடையில உக்காந்து என்னைய ஒரு நிமிசம் நம்பல. என்னைய நம்புததுலயும் அவ தான் எனக்கு முந்திக்கிட்டா.

அவன் எந்திரிச்சு என் கையில இருந்த கிண்ணத்த வாங்கினான். திரும்புலேன்னான். திரும்பி உக்காந்தேன். தேவைக்கு மேல அழுத்தித் தேச்சான், வலிச்சுது. நான் முதுகக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.